மூன்றாம் மாடியின் மீட்டர்

ஏப்ரல் 3, வியாழன்

சளி பிடித்துவிட்டது. வெளியே வெயில் மண்டையைப் பிளக்கிறது, நான் அலுவலகத்தில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கட்டடம் முழுவதற்கும் ஒரே ஏசி, பதினெட்டு டிகிரி. குளிரைக் குறைக்கும் பெட்டியைப் பூட்டிச் சாவியைக் கட்டட உரிமையாளர் வைத்திருக்கிறார். வாசலில் மின்சிக்கனப் பிரசார அமைப்பு என்று பலகை. உள்ளே பதினோரு பேர் கம்பளிக்குள் நடுங்குகிறோம்.

இன்று கையேட்டின் நான்காவது யோசனையைத் திருத்தினேன். ‘ஏசியை இருபத்தாறில் வையுங்கள், உடம்பு நான்கே நாளில் பழகிவிடும்.’ எழுதி முடிப்பதற்குள் ஐந்து தும்மல்.

ஏப்ரல் 5, சனி

ஒரு குடியிருப்போர் சங்கத்தில் பேச்சு. ‘வீட்டு மின்சாரம்: முப்பது யோசனைகள்’ கையேட்டை எழுதியவர் இவர்தான் என்று அறிமுகப்படுத்தினார்கள். முக்கால் மணி நேரம் வெளுத்து வாங்கினேன். கேள்வி நேரத்தில் கடைசி வரிசையிலிருந்து தையல் கடை வைத்திருக்கும் ஒரு பெண்மணி எழுந்தார்.

‘எல்லாம் நல்லாத்தான் சொன்னீங்க சார். உங்க வீட்ல ஒரு நாளைக்கு எத்தனை யூனிட் ஓடுது?’

எனக்குத் தெரியாது. பதினோரு வருடமாக இதே வேலை, தெரியாது. ‘மிதமாகத்தான்’ என்றேன். மிதம் என்றால் எவ்வளவு என்று கேட்டார். நான் திருதிருவென்று விழித்ததை ஒருவர் கைபேசியில் படம்பிடித்துவிட்டார். அந்த அம்மாள் குரலில் கிண்டல்கூட இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டிருக்கிறார், அதுதான் எரிச்சல்.

ஏப்ரல் 7, திங்கள்

அந்தப் படம் இயக்குநர் மேடம்வரை போய்விட்டது. அவசரக் கூட்டம். கையேட்டுக்குப் படம் வரையும் ஓவியர் எனக்காக வாதாடினார்: சிகரெட் பிடிக்கும் டாக்டர், சிகரெட் கெடுதல் என்று சொன்னால் அது பொய்யாகிவிடுமா? யோசனை சரியா என்று பாருங்கள், சொன்னவன் வீட்டை எதற்கு எட்டிப் பார்க்க வேண்டும்? அருமையான வாதம். நான் பலமாகத் தலையாட்டினேன். மேடம் அசையவில்லை. ‘அந்த டாக்டர்கிட்ட நீங்க போவீங்களா?’ என்றார்.

முடிவு: மாதக் கடைசிவரை எல்லோரும் முப்பது யோசனைகளையும் அவரவர் வீட்டில் கடைப்பிடிக்க வேண்டும். வீட்டு மீட்டர் அளவைத் தினமும் வரவேற்பறைப் பலகையில் எழுத வேண்டும். எந்த வீடு அதிகம் குறைத்ததோ அந்தக் குடும்பத்தின் படம் அடுத்த பதிப்பின் அட்டையில். மேடம் வீட்டு மீட்டர் மட்டும் பழுதாம், அதனால் பலகையில் இல்லை. யாரும் எதுவும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கீழ்த்தளத்தில் மீட்டர் பெட்டிகளின் முன் நின்று அக்கறையாக எண்களைக் குறித்தேன். சகலை வந்தார். என் மனைவியின் அக்காள் கணவர். இதே கட்டடத்தில் ஐந்தாம் மாடி, எங்களுக்கு இரண்டு மாடி மேலே. தொழில், ஏசி விற்பதும் பழுது பார்ப்பதும். சற்று நேரம் நான் குறிப்பதையே பார்த்துவிட்டு, ‘அது என் மீட்டர் சகலை. உங்களுது பக்கத்துல’ என்றார்.

ஏப்ரல் 9, புதன்

பதினான்கு யூனிட். பலகையிலேயே பெரிய எண் என்னுடையது. ஓவியருக்கு ஐந்து. தனிக்கட்டை, சாப்பாடு வெளியில், அவருக்கென்ன.

மாலை வீட்டில் அறிவித்தேன். மகள் ‘ஐயோ அப்பா’ என்று தலையில் கை வைத்தாள். பதினான்கு வயதில் எல்லாவற்றுக்கும் ஐயோதான். மனைவி கண்ணாடியை மாட்டிக்கொண்டு கையேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை படித்தாள். இத்தனை வருடத்தில் முதல் தடவை என்று நினைக்கிறேன். மூடி வைத்துவிட்டு, ‘இதையெல்லாம் யாரு செய்யறது?’ என்றாள். நாம்தான் என்றேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

ஒன்பது! வாஷிங் மெஷினுக்கு ஓய்வு, துணியெல்லாம் கையில் (பதினொன்றாவது யோசனை). அயர்ன் கிடையாது, லேசான ஈரத்தோடு மடித்து மெத்தைக்கு அடியில் (பதினேழு). மிக்ஸி கிடையாது, இடித்துக்கொள்ளலாம் (இருபத்திரண்டு). வாக்வம் கிளீனருக்குப் பதில் துடைப்பம் (இருபத்துமூன்று). லிஃப்ட் கிடையாது, அது நம் மீட்டரில் ஓடுவதில்லை, இருந்தாலும் கொள்கை கொள்கைதான் (ஏழு). கொஞ்சம் மனம் வைத்தால் போதும். எவ்வளவு சுலபமாகச் செய்துவிட்டோம்!

ஏப்ரல் 13, ஞாயிறு

ஏழு. மனைவியின் வலது மணிக்கட்டு வீங்கியிருக்கிறது. அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். நாள் முழுக்க நின்று ஊசி குத்திவிட்டு வந்து மூன்று பேர் துணியைத் துவைத்தால் வீங்காமல் என்ன செய்யும் என்று அவள் அக்கா போனில் போட்ட சத்தம் எனக்கும் கேட்டது. வெந்நீர் ஒத்தடம் நல்லது என்றேன். ‘ஹீட்டர் போடலாமா? உங்க பத்தொன்பதாவது யோசனை ஒத்துக்குமா?’ என்றாள். கிண்டல் என்று உறைப்பதற்குள், அடுப்பில் சுடவைத்துக்கொள் என்று சொல்லித் தொலைத்துவிட்டேன்.

ஏப்ரல் 15, செவ்வாய்

போய்விட்டாள். மகளும்.

நடந்தது இவ்வளவுதான். அலுவலகத்திலிருந்து வந்தேன், குளியலறையில் துணி ஊறவைத்தபடியே பக்கெட்டில் கிடந்தது. ‘இன்னிக்குத் துவைக்கலையா?’ என்று கேட்டேன். சும்மாதான் கேட்டேன். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் சமாளித்திருப்பேன்.

‘முப்பதையும் மறுபடி படிச்சேன். கரண்டை எடுத்த இடத்துல எல்லாம் என் கையை வெச்சிருக்கீங்க.’

அதற்கு நான் என்ன சொன்னேன்? உலகம் சூடாகிக்கொண்டே போகிறது என்றேன். அட முட்டாளே, அவ இல்லைன்னா சொன்னா?

பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேரும் லிஃப்டில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டார்கள். நான் பின்னாலேயே படியேறி ஓடினேன். ஏழாவது யோசனை! மூச்சு வாங்க ஐந்தாம் மாடி போய்ச் சேர்வதற்குள் கதவு சாத்தியாகிவிட்டது.

ஏப்ரல் 17, வியாழன்

மூன்று யூனிட். பலகையிலேயே சின்ன எண். மேடம் கைதட்டினார்.

ஏப்ரல் 19, சனி

வீடு வெறிச்சென்று கிடக்கிறது. மகள் பாட்டை அலறவிடுவாள் என்று தினமும் எரிந்து விழுவேன். இப்போது குழாய் சொட்டுவது கேட்கிறது.

குழாய் சொட்டுவதற்குக் காரணமும் நான்தான். இன்று ஒரு படுக்கை விரிப்பைத் துவைத்தேன். ஒன்றே ஒன்று. நனைந்ததும் அது என்னைவிடக் கனம். பிழிய இன்னொரு ஆள் இல்லாததால் ஒரு முனையைக் குழாயில் கட்டி முறுக்கினேன், குழாய் ஆட்டம் கண்டுவிட்டது. இடுப்பும். பதினொன்றாவது யோசனையை எழுத எனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? தேநீர் ஆறுகிற நேரம்கூட ஆகியிருக்காது. இரண்டே வரி.

கீழே சகலையைப் பார்த்தேன். ‘முன்னெல்லாம் பன்னெண்டைத் தாண்டாது. உங்க புண்ணியத்துல இப்ப பம்பரமா சுத்துது சகலை’ என்றார். தினமும் இரண்டு தடவை மெஷின், இரண்டு அறையிலும் ஏசி. மனிதருக்குக் கோபமே இல்லை, சிரிக்கிறார். எனக்குத்தான் வயிறு எரிகிறது.

ஏப்ரல் 23, புதன்

மாலை ஐந்தாம் மாடிக்குப் போனேன். மன்னிப்புக் கேட்டுக் கூட்டிக்கொண்டு வரத்தான் போனேன். கூடத்தில் ஏசி இருபது. உட்காருங்கள் என்றார்கள், உட்கார்ந்தேன். கண் விழித்தபோது இரண்டு மணி நேரம் போயிருந்தது, யாரோ போர்வை போர்த்திவிட்டிருந்தார்கள். எதிரில் மணிக்கட்டில் கட்டோடு மனைவி.

‘நான் வரேன். வந்தா மீட்டர் ஏறும். பரவாயில்லையா?’

பரவாயில்லை என்ற ஒரு சொல்லைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நான் – இன்னும் ஒரு வாரம்தானே, பலகை, அட்டைப் படம் – எல்லாவற்றையும் ஒரு சுற்று சுற்றிவிட்டு வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள்.

என்ன மனுஷன்டா நீ? பதினாறு வருஷம் கூட வாழ்ந்தவ கேக்கறா, நீ யூனிட் எண்ணிக்கிட்டு உக்காந்திருக்கே.

ஏப்ரல் 24, வியாழன்

மறுபடி போய்ப் பரவாயில்லை என்றேன். ‘போட்டி முடியட்டும்’ என்றாள்.

ஏப்ரல் 30, புதன்

ஜெயித்துவிட்டேன். ஞாயிறு காலை மேடம் புகைப்படக்காரரோடு வீட்டுக்கு வருகிறார். குடும்பத்தோடு படம்.

வெட்கத்தை விட்டு மேலே போய்க் கேட்டேன். காறித் துப்புவாள் என்று நினைத்தேன். ‘அரை மணி நேரம்தானே. வந்து சிரிச்சுட்டுப் போறோம்’ என்றாள். திட்டியிருக்கலாம்.

மே 4, ஞாயிறு

வரிசையாக எழுதிவிடுகிறேன்.

பத்து மணிக்கு இரண்டு பேரும் மடிப்புக் கலையாத உடையில் இறங்கி வந்தார்கள். மேலே அயர்ன் செய்தது. பின்னாலேயே மேடம், ஓவியர், புகைப்படக்காரர். எங்கள் மூவரையும் ஜன்னலோரம் நிறுத்தினார்கள். மேடத்தின் கண் மனைவியின் கைக்கட்டில் விழுந்தது. என்ன ஆயிற்று என்று கேட்டார்.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். ‘லேப்ல வழுக்கி விழுந்துட்டேன்’ என்றாள்.

எனக்காகப் பொய் சொன்னாள். அதுவரை பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பதாகத்தான் இருந்தேன். அதற்கு மேல் முடியவில்லை. ஒரு நிமிடம் கீழே வாருங்கள் என்று எல்லோரையும் மீட்டர் பெட்டிகளுக்கு அழைத்துப் போனேன். முன்பு என்னுடையது பதினான்கு, சகலையுடையது பன்னிரண்டு, சேர்த்து இருபத்தாறு. இப்போது என்னுடையது மூன்று, அவருடையது இருபத்தைந்து, சேர்த்து இருபத்தெட்டு. விரல் வைத்துக் காட்டினேன்.

‘என் குடும்பம் கிட்டத்தட்ட மூணு வாரமா மேல இருக்கு மேடம். நான் எதையும் சேமிக்கல, ரெண்டு மாடி மேல ஏத்தி வெச்சிருக்கேன். இவ கை வழுக்கி விழுந்து வீங்கல. என் பதினொண்ணாவது யோசனைல வீங்கினது.’

கூடுதலாக ஓடிய இரண்டு யூனிட்டில் அவர் வீட்டு ஏசியில் நான் தூங்கியதும் சேர்த்தி என்பதையும் சொன்னேன். மேடம் முகத்தில் ஈயாடவில்லை. ஓவியர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார், தோள் மட்டும் குலுங்கியது. படம் எடுக்காமலே போனார்கள்.

படியேறினேன். பின்னால் இரண்டு பேரின் காலடிச் சத்தம். லிஃப்ட் பக்கம் போகவில்லை. திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. மூன்றாம் மாடியைத் தாண்டி மேலே போய்விட்டால்? எங்கள் வாசலில் சத்தம் நின்றது.

‘கதவைத் திறங்க’ என்றாள். திறந்தேன். உள்ளே போய் மின்விசிறியைப் போட்டுவிட்டு உட்கார்ந்தாள். ‘பக்கெட் அக்கா வீட்ல இருக்கு. நீங்க போய் எடுத்துட்டு வாங்க.’

ஓடினேன். லிஃப்டில்தான்.

மே 6, செவ்வாய்

அட்டையில் இனி ஒரு பல்பு படம் மட்டும். பலகையைக் கழற்றியாயிற்று. வெளியில் பேசப் போகிறவர்கள் பட்டியலில் என் பெயர் இல்லை. கையேட்டை மட்டும் நானே திருத்த வேண்டுமாம். ஒவ்வொரு யோசனையையும் என் கையால் செய்து பார்த்துவிட்டுத்தான் எழுதுவேன் என்றேன். எப்போது முடியும் என்று மேடம் கேட்டார். பாதி தேறாது என்றேன். கிளம்பும்போது, வீட்டு மீட்டர் சரியாகிவிட்டதா மேடம் என்று விசாரித்தேன். ஆள் வரவேண்டும் என்றார்.

ஜூன் 8, ஞாயிறு

இதுவரை ஒன்பது தேறியிருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் கீழே புதிதாக ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: செய்ய எவ்வளவு நேரம் ஆகும், வீட்டில் யார் செய்யப்போகிறீர்கள். ஓவியர் துடைப்பத்தோடு என்னை வரைந்திருக்கிறார். தொப்பையைக் கொஞ்சம் கூட்டிவிட்டார்.

நேற்று ஒரு கிழிந்த சட்டையை எடுத்துக்கொண்டு அந்தத் தையல் கடைக்குப் போனேன். அந்தப் பெண்மணி என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்து சிரித்தார். அவர் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிட்டேன்: பதினொரு யூனிட், மூன்று பேருக்கு, ஏசி இருபத்துநான்கு. இருபத்தாறில் எங்களால் தூங்க முடியவில்லை. ‘இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே சார்’ என்றார்.

இப்போது மதியம். மனைவி உள்ளே தூங்குகிறாள். கைக்கட்டை அவிழ்த்துப் பத்து நாளாகிறது. மெஷின் நின்றுவிட்டது என்று மகள் குரல் கொடுக்கிறாள். காயப்போடுவது என் முறை. படுக்கை விரிப்பும் இருக்கிறது, ஒரு முனையைப் பிடிக்க மகளைக் கூப்பிட வேண்டும்.