நாற்பத்தேழாம் எண் தக்கை

ஏப்ரல் 5, சனி

பாட்டில் உறைகளைத் துவைத்துக் கொடியில் போட்டாயிற்று. அறுபத்து நாலு உறை. எல்லாம் மார்த்தாவின் கைவேலை. கம்பளிக் காலுறைகளில் பாதத்தை வெட்டி எறிந்துவிட்டு ஓரம் பின்னுவாள். உள்ளே இருப்பது யார் வீட்டு ஒயின் என்று ஊர்ப் போட்டி நடுவர்களுக்குத் தெரியக் கூடாதே, அதற்கு. பாதிக்கு மேல் அவள் புருஷன் ஒல்ட்ரிச்சின் பழைய காலுறைகள். "என் வீட்டுக்காரர் காலைப் பாத்துதான்டி எல்லாருக்கும் மார்க் போடுறாங்க" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

துவைக்கும் முன் ஒன்றை முகத்தில் அழுத்திப் பார்த்தேன். கம்பளி வாடை இல்லை, ஒயின் வாடை இல்லை, ஒன்றுமே இல்லை. ஜனவரிக் காய்ச்சலோடு போனது இன்னும் திரும்பவில்லை. வரலாம், வராமலும் போகலாம் என்கிறார் டாக்டர். இதைச் சொல்ல ஒரு டாக்டர் வேறு!

யாரிடமும் சொல்லவில்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

சிரில் வந்திருந்தான். இந்த வருடமும் போட்டிப் பொறுப்பு அவன் தலையில்தான். சனிக்கிழமை வழக்கம்போலப் பின்னறையில் பாட்டில் திறப்பது நான் என்று அவனே எழுதிக்கொண்டான். "உங்க மூக்கு இருக்கறப்ப எனக்கென்னக்கா கவலை?"

சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. காபி வேண்டுமா என்று கேட்டுவிட்டேன்.

இருபத்திரண்டு வருடம் அந்த அறையில் நானும் மார்த்தாவும். நான் திறந்து முகர்வேன், அவள் உறை மாட்டி எண் கட்டுவாள். தக்கை கெட்டிருந்தால் ஒயினில் ஈரச் சாக்கு வாடை அடிக்கும். உடனே அதை ஒதுக்கிவிட்டு அதே ஒயினின் இரண்டாவது பாட்டிலைத் திறப்போம். எல்லாரும் இரண்டு பாட்டில் தருவதே அதற்காகத்தான். ஒரு தடவைகூட நான் தவறவிட்டதில்லை. "மூக்கை இன்ஷூர் பண்ணி வைடி ரூசெனா" என்பாள்.

மூக்கு போய்விட்டது என்றால் வீட்டில் இருங்கள் என்பார்கள். அந்த அறைக்குப் போகாவிட்டால் மார்த்தாவை நான் வேறு எங்கே போய்ப் பார்ப்பேன்? கல்லறையிலா? அங்கே அவள் பேசுவதே இல்லை.

ஏப்ரல் 10, வியாழன்

ஒயின் வாங்கிக்கொள்ளும் நாள். கடைசி ஆளாக வந்தார் ஒல்ட்ரிச். மார்த்தா போன பிறகு அவர் போட்டிப் பக்கமே தலைகாட்டியதில்லை. கையில் இரண்டு பாட்டில், ரீஸ்லிங் வெள்ளை ஒயின். ஒன்றரை வருடத்துக்கு முன், நவம்பரில் அவள் போனாள். அதற்கு முந்தைய மாதம் அவள் கையால் பறித்த திராட்சை. வீட்டில் இன்னும் ஒன்று இருக்கிறதாம். அதோடு சரி.

தயாரித்தவர் பெயர் என்ற இடத்தில் 'மார்த்தா வட்சுலீகோவா' என்று எழுதினார். சிரில் அப்படியே பதிந்துகொண்டான்.

"மெடல் எல்லாம் வேண்டாம் ரூசெனா. புத்தகத்துல அவ பேரு ஒரு தடவை வந்தா போதும்."

போட்டி முடிந்ததும் அச்சடிக்கும் ஒயின் புத்தகத்தில் பெயர் வர நூற்றுக்கு எண்பது மார்க் வேண்டும்.

ஏப்ரல் 12, சனி

போட்டி. அறுபத்து நாலையும் திறந்தேன். ஒவ்வொரு தக்கையையும் மூக்கருகே கொண்டுபோனேன், ஒவ்வொரு ஒயினிலும் கொஞ்சம் ஊற்றி முகர்ந்தேன், தலையாட்டினேன். என்ன நடிப்பு! நாற்பத்தேழு வந்தபோது கை நின்றது. ஒல்ட்ரிச்சின் ரீஸ்லிங். தக்கை பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. உறை மாட்டி அனுப்பினேன். தக்கையை மட்டும் ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டேன். அவள் ஞாபகமாக இருக்கட்டும் என்று.

எழுபத்து நாலு.

நடுவர்கள் குறை சொல்லவில்லையாம், மந்தமான ஒயின் என்றார்களாம், அவ்வளவுதான். எல்லாரும் ரொட்டியில் பன்றிக் கொழுப்பைத் தடவிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் ஏப்ரனைக் கழற்றாமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஏப்ரல் 13, ஞாயிறு

பக்கத்து வீட்டு யிட்காவிடம் தக்கையை நீட்டி, என்ன வாடை என்று கேட்டேன். முகத்தைச் சுளித்தாள். "வெள்ளம் பூந்த நிலவறை மாதிரி இருக்கு. எங்கேருந்துடி எடுத்த இதை?"

ஏப்ரல் 14, திங்கள்

நாளைக்குச் சொல்லிவிடுகிறேன்.

ஏப்ரல் 15, செவ்வாய்

சொல்லவில்லை. உறைகளைத் துவைத்தேன். நேற்றும் துவைத்தேன்.

வியாழன் காலையில் புத்தகம் அச்சுக்குப் போகிறது. போய்விட்டால் எனக்கு நிம்மதி என்று ஒரு நிமிஷம் தோன்றியது. தோன்றியதே— சீ, என்ன பொம்பளை நான்?

ஏப்ரல் 16, புதன்

முதலில் ஒல்ட்ரிச் வீட்டுக்குப் போனேன். அவர் தோட்டத்தில் திராட்சைக் கொடிகளைக் கட்டிக்கொண்டிருந்தார். தக்கையை அவர் கையில் வைத்தேன், ஜனவரியிலிருந்து எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். முகர்ந்தார்.

"மார்த்தா உயிரோட இருந்தா அவகிட்ட சொல்லியிருப்பியா?"

"முதல் நாளே."

"அப்ப என்கிட்ட ஏன் சொல்லல?"

அழுதேன். அவர் தடுக்கவில்லை, தேற்றவும் இல்லை. கையில் இருந்த கட்டுக் கயிறு தீர்ந்ததும் தொப்பியை எடுத்துக்கொண்டு, "வா, சிரில்கிட்ட போவோம்" என்றார்.

சிரில் வெளுத்துப்போனான். "ஊரே உங்க மூக்கை நம்பித்தானே இருந்துச்சு!" என்று கத்தினான். கத்தட்டும். பிறகு அவனே குளிர்பெட்டியைத் திறந்து, போட்டியில் திறந்து மீதியோடு மூடி வைத்த பாட்டில்கள் அறுபத்து நாலையும் ஒவ்வொன்றாக முகர்ந்தான். நாற்பத்தேழோடு இன்னும் இரண்டு கெட்டிருந்தன. அந்த இரண்டு வீட்டுக்கும் நானே போய்ச் சொன்னேன். ஒரு வீட்டில் கதவைச் சாத்திவிட்டார்கள்.

சாயங்காலம் மூன்று நடுவர்களைக் கூப்பிட்டு, மூன்று ஒயினின் இரண்டாவது பாட்டில்களையும் திறந்தார்கள். நல்ல ஒயின் நாலைந்தையும் நடுவில் கலந்து வைத்தான் சிரில், எது எதென்று தெரியாமலிருக்க. நான் பின்னறையில் கிளாஸ் கழுவினேன். கழுவின கிளாஸையே மறுபடி கழுவினேன்.

நாற்பத்தேழுக்கு எண்பத்து மூன்று.

ஏப்ரல் 17, வியாழன்

புத்தகம் அச்சுக்குப் போயிற்று. மார்த்தாவின் பெயரோடு, மற்ற இரண்டில் ஒன்றின் பெயரும் அதில் இருக்கிறது.

தூங்கினேன், எத்தனையோ நாளைக்கப்புறம்.

ஏப்ரல் 19, சனி

ஈஸ்டர் சனி. ஊர் மொத்தமும் ஒயின் சுவைக்க வந்திருந்தது. நாற்பத்தேழாம் எண் இருக்க வேண்டிய இடம் மேசையில் காலி; இரண்டாவது பாட்டிலை நடுவர்களே தீர்த்துவிட்டார்களே. சிலர் என்னைப் பார்த்ததும் பேச்சை மாற்றினார்கள். பாட்டில் பக்கம் போக எனக்கு அனுமதி இல்லை. கிளாஸ் கழுவும் வேலைதான். நியாயம்தானே.

மத்தியானம் ஒல்ட்ரிச் பின்னறைக்கு வந்தார். ஒரு கையில் புத்தகம், மறு கையில் வீட்டில் வைத்திருந்த அந்தக் கடைசி பாட்டில். மார்த்தாவின் நாற்காலியில் உட்கார்ந்து, புத்தகத்தில் அவள் பெயர் இருக்கும் வரியை விரலால் தொட்டுக் காட்டினார். பிறகு பாட்டிலைத் திறந்து தக்கையை முகர்ந்தார். "நல்லா இருக்கு." இரண்டு கிளாஸில் ஊற்றினார்.

"எனக்கு எதுக்கு? வீண்" என்றேன்.

"குடி."

குடித்தேன். புளிப்பு தெரிந்தது, குளிர்ச்சி தெரிந்தது. மற்றபடி தண்ணீர். எப்படி மணக்கிறது என்று கேட்டேன். ஒல்ட்ரிச்சா சொல்வார்? கல்யாணத்தன்றே நாலு வார்த்தைக்கு மேல் பேசாத மனுஷன். கிளாஸில் மூக்கை விட்டார், எடுத்தார், மறுபடி விட்டார்.

"எனக்குச் சொல்லத் தெரியலம்மா. திராட்சை பறிக்கிற நாள்ல மழையில நனைஞ்சு வருவா இல்ல? ஆப்பிள் தோலை அடுப்பு மேல போட்டுட்டு பக்கத்துலயே நின்னு தலை காயவைப்பா. அது."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். மூக்குக்கு ஒன்றும் வரவில்லை. ஆனால் கதவைக் காலால் தள்ளிக்கொண்டு, தலைத் துணியை உதறிக்கொண்டு, "இன்னும் நாப்பத்தேழுலயேவாடி நிக்கற?" என்று அவள் உள்ளே வந்தாள்.

சிரில் எட்டிப் பார்த்தான். அடுத்த வருடம் முகர யாரைப் போடுவது என்று பொதுவாகக் கேட்டான். ஒல்ட்ரிச் கையைத் தூக்கினார். இனிமேல் அவர் போட்டிக்கு ஒயின் தரப்போவதில்லையாம். "உறை மாட்ட ரூசெனா இருக்கா" என்றார்.

சிரில் என்னைப் பார்த்தான். எழுதிக்கொண்டான்.

இரண்டு உறைகளில் பூச்சி அரித்திருக்கிறது. ஒல்ட்ரிச்சிடம் பழைய காலுறை கேட்க வேண்டும்.