பதினாறு பக்கம் குறைந்த நாவல்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்து மருந்துச் சீட்டு என்று தூக்கிப் போட்டுவிடாதே. அம்மா நலம். அவளுடைய மூட்டுவலி அவளைவிட நலம்.

போன மாதம் நூலகத்தில் தண்ணீர் மோட்டார் பழுது பார்க்கப் போனேன். அங்கே எல்லோரும் ஒரே புத்தகத்தைப் படித்துவிட்டு, அதைப் பற்றிக் கூடிப் பேசுவார்களாம். "நீங்களும் வாங்கண்ணே" என்று நூலகர் ஒரு நாவலைக் கையில் திணித்துவிட்டார். பத்தாம் வகுப்பையே இரண்டு தடவை படித்தவன், ஒரு நாவலை ஒரு தடவை படிக்க மாட்டேனா?

கதையில் ஒரு மகள், அப்பனுக்குப் பிடிக்காத கல்யாணம் செய்துகொண்டு போய்விடுகிறாள். அப்பன் என்னைப் போலவே ஒரு வறட்டுப் பிடிவாதக்காரன். கடைசியில் ஒருநாள் வாசல் கதவின் தாழ்ப்பாளுக்கு எண்ணெய் போடுகிறான். அவ்வளவுதான், கதை முடிந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டே புத்தகத்தை மூடினேன். அம்மாவிடம் ஜலதோஷம் என்றேன்.

கூட்டத்தில் ஒரு நர்ஸம்மா, மகள் திரும்பி வந்து அப்பா காலில் விழுவது பிடிக்கவில்லை என்றார். பெற்றவரிடம் மன்னிப்புக் கேட்டால் என்ன குறைந்துவிடும் என்றார் பாங்க்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் எழுந்துவிட்டேன். "அவ எங்க வந்தா, எங்க விழுந்தா? ஆளாளுக்குக் கதை விடாதீங்க. கதவு சிரமமில்லாம திறக்கணும்னுதானே எண்ணெய் போடுறான்? தப்பு அவன் மேல. அவன்தான் போய்க் கூப்பிடணும்" என்று கத்தியேவிட்டேன்.

நர்ஸம்மா என் புத்தகத்தை வாங்கிப் புரட்டினார். "அண்ணே, உங்க புத்தகத்துல கடைசிப் பதினாறு பக்கம் இல்லவே இல்ல." புத்தகத்தைத் தைத்தவர்கள் அவற்றைச் சேர்க்காமல் விட்டுவிட்டார்களாம். கூட்டமே சிரித்தது. நானும் சிரித்துத் தொலைத்தேன்.

படி இறங்கும்போது நர்ஸம்மா, உங்களுக்கு மகள் இருக்கிறாளா என்று கேட்டார். இருக்கிறாள் என்றேன். "அப்புறம் ஏன் எங்ககிட்ட வந்து கத்துறீங்க?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மூன்று வருடத்துக்கு முன் நான் சொன்னது உனக்கும் மறந்திருக்காது. மன்னிப்புக் கேட்காமல் இந்தப் படியை மிதிக்காதே என்றேன். அதை நான் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். மன்னிப்பு நான் கேட்க வேண்டியது. கடிதத்தில் கேட்டால் எழுத்துப்பிழை வரும். அதனால் நேரில் வருகிறேன்.

அடுத்த மாதம் பத்தாம் தேதிக்கு டிக்கெட் எடுத்திருக்கிறேன், அம்மாவுக்கும் சேர்த்து. மாப்பிள்ளை திட்டுவதாக இருந்தால் உட்கார வைத்துத் திட்டச் சொல். பயணக் களைப்பு இருக்கும்.

வர வேண்டாம் என்றால் மட்டும் பதில் எழுது. ஒன்றும் எழுதாவிட்டால் வரச் சொல்கிறாய் என்று எடுத்துக்கொள்வேன். உனக்குத்தான் கடிதம் எழுதச் சோம்பலாயிற்றே. இந்த ஒரு தடவை அந்தச் சோம்பலை விட்டுவிடாதே, கண்ணு.

நீங்கள் இரண்டு பேரும் நன்றாக இருக்க வேண்டும்.

உன் அப்பா