முயல் தின்ற இரண்டாவது துண்டு

ஏங்க,

ஒரு கையால் முயலைத் துண்டில் சுற்றிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் எழுதுகிறேன். வாசலில் டாக்சிக்காரர் ஹாரன் அடிக்கிறார். மதியத்திலிருந்து இது காய்ந்த புல்லை மோந்துகூடப் பார்க்கவில்லை. வயிறு உப்பியிருக்கிறது. டாக்டரிடம் ஓடுகிறேன்.

காரணம் நாம்தான். சண்டை போட்டு நீங்கள் முன்னறைக்குப் படுக்கப் போனதிலிருந்து, இந்தத் திருடன் விடியற்காலையில் என்னிடம் ஆப்பிள் துண்டு வாங்கித் தின்றுவிட்டு, உங்களிடமும் வந்து ஒன்று தின்கிறான். நாம் பேசிக்கொண்டிருந்தால் அப்போதே மாட்டியிருப்பான்.

இனி பழம் எப்போதாவது, நகத்தளவு, விதை நீக்கி. ஆசைக்குக் கொத்தமல்லி, புதினா போதும். அதற்கு பிஸ்கட் கொடுக்கிற பக்கமே போகாதீர்கள், சாமி!

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன்.

பி.கு: எப்படிக் கண்டுபிடித்தேன் என்கிறீர்களா? இன்று விடியலில், மேகத் துண்டு ஒன்று தரையோடு மிதந்து போகிற மாதிரி அது போயிற்று. பாதித் தூக்கத்தில் நானும் பின்னாலேயே வந்தேன். அதை மடியில் வைத்து ஆப்பிள் துண்டு ஊட்டிக்கொண்டே, "அவகிட்ட எப்படிடா மன்னிப்பு கேக்கறது?" என்று கேட்டுக்கொண்டிருந்தீர்கள்.

கதவுக்குப் பின்னால் நான் நின்றிருந்தேன். கேட்டாயிற்று. இன்றைக்கு நம்ம ரூமிலேயே படுங்க.