டெல்லிக்கு மேலே யார்?

ஜூலை 9, புதன்

இந்த டைரி யார் கையில் கிடைத்தாலும் சரி, தயவுசெய்து யாரிடமும் காட்டாதீர்கள். அப்பாவிடம் வேண்டவே வேண்டாம்.

பள்ளிப் பேச்சுப் போட்டியில் ஆதரித்துப் பேச எனக்குக் கொடுத்த பக்கம்: உச்ச நீதிமன்றத்துக்கு அதிகாரம் மிகுதி. எனக்கு ஏன் இது? எங்கள் வழக்கே அங்கேதானே கிடக்கிறது. எங்கள் காலனியிலிருந்து கல்லறைக்குப் போகும் தடம் தன் தென்னந்தோப்பைச் சேர்ந்தது என்கிறார் ஊர்ப் பெரிய தோட்டக்காரர் நஞ்சுண்டன். சென்னை ஹைகோர்ட்டில் நாங்கள் ஜெயித்தோம்; அவர் டெல்லிக்குப் போய்விட்டார். போன ஐப்பசியில் பெரியம்மாவின் சவப்பெட்டியை வாய்க்காலில் இறங்கி, இடுப்பளவு தண்ணீரில்தான் தூக்கிப் போனார்கள்.

வழக்குப் போட்டவர் என் அப்பா ஜெரோம். போட்டிக்குப் பரிசு தரப்போகிறவர் நஞ்சுண்டன். அவர் மகள் பிரியா என் வகுப்பு. யார் சொல்லி யுவஸ்ரீ மிஸ் எனக்கு இந்தப் பக்கத்தைக் கொடுத்தார்?

ஜூலை 14, திங்கள்

படிக்கப் படிக்கப் பயமாக இருக்கிறது. நெருக்கடி நிலையின்போது, ஒருவரைச் சட்டத்துக்கு மாறாகச் சிறையில் போட்டாலும் கோர்ட்டில் கேட்க முடியாது என்று அதே கோர்ட்டு சொல்லியிருக்கிறது. ஐந்து நீதிபதிகளில் ஒருவர் மட்டும் மறுத்தார். தலைமை நீதிபதிப் பதவி பிறகு அவருக்குக் கிடைக்கவில்லை.

அன்றைக்குத் தவறியவர்கள் எங்களுக்குத் தவற மாட்டார்களா? தவறினால் யாரிடம் போவது?

ஜூலை 18, வெள்ளி

பேசிவிட்டேன். "டெல்லிக்கு மேலே யார்?" என்று நான் கேட்டதும் முதலில் கை தட்டியவர் நஞ்சுண்டன். பிரியா ஃபோனில் படம் பிடித்தாள். கடைசியில் அந்த ஒரு நீதிபதியைப் பற்றிச் சொன்னேன். கோர்ட்டு தவறும், ஆனாலும் எங்களைப் போன்றவர்கள் போய் நிற்க வேறு இடம் இல்லை, அதனால்தான் அவரைப் போன்றவர்கள் அங்கே வேண்டும் என்றேன். அதற்கு யாரும் அவ்வளவாகக் கை தட்டவில்லை.

"அருமையாப் பேசுனீங்க அம்மணி," என்று கோப்பையைக் கொடுத்தார். என்னிடம் ஒருநாளும் 'ங்க' போட்டுப் பேசாதவர்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

டெல்லியிலும் ஜெயித்துவிட்டோம். அப்பா அழுதார். எனக்கு அந்த 'ங்க' மறக்கவில்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

தடத்தில் இரும்புக் கேட். பூட்டு. கேட்கப் போன அப்பாவிடம் நஞ்சுண்டன் ஃபோனை நீட்டினாராம். அதில் நான். "டெல்லிக்கு மேலே யார்?" என்பதோடு வீடியோ முடிகிறது. மீதியை வெட்டிவிட்டார்கள்.

"உன்ற புள்ளையே அந்தக் கோர்ட்டு தப்புங்குது ஜெரோமு. நீ எதுக்கு அதையக் கட்டீட்டு அழுவுறே?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்களாம். ஊர் வாட்ஸ்அப் குரூப் முழுக்க அதுதான் ஓடுகிறது.

அப்பா ஊட்டுக்கு வந்து சோறு திங்கல. நாந்தான் கெடுத்துப்போட்டேன் —

ஆகஸ்ட் 9, சனி

முழு வீடியோவையும் அனுப்பச் சொல்லி பிரியாவுக்குச் செய்தி போட்டேன். பார்த்துவிட்டாள். பதில் இல்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

ஆல்வின் மாமா மத்தியானம் இறந்துபோனார். நாளைக் காலையில் அடக்கம். கேட்டைத் திறந்துவிடத் தாசில்தார் வருவதாகச் சொல்லியிருக்கிறார். வருவாரா? கேட்டுக்கு அந்தப் பக்கம் நஞ்சுண்டன் ஆள் சேர்த்துக்கொண்டிருக்கிறார். கோர்ட்டுக்கு எவ்வளவு அதிகாரம் என்று மேடையில் பேசினேனே, ஒரு பூட்டைத் திறக்க அதனால் முடியவில்லை.

நான் பேசியது, அவர்கள் வெட்டியது எல்லாவற்றையும் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். பிறகு, "காலைல கேட்டுகிட்ட நீயும் வா கண்ணு. அவங்க வெட்டுனதைய நீயே சொல்லு," என்றார். போகிறேன். என்ன ஆனாலும் போ —

கதவு தட்டுகிறார்கள். பிரியா குரல். "கிருபா, நாந்தான் புள்ள. முழு வீடியோவும் இருக்குது. எங்கப்பாவுக்குத் தெரியாது, கதவத் தொற."

தனியாகத்தான் வந்திருக்கிறாளா? வெளியே செருப்புச் சத்தம் ஒன்றா, இரண்டா — அப்பா தாழ்ப்பாளைத் திறக்கப் போகிறார் —