கனகாவுக்குத் திட்டு, எனக்குக் குட்

9-1-82, சனி

இன்றைக்கும் கனகாவுக்குத்தான் திட்டு. எனக்குச் சந்தோஷம். இதை யாரும் பார்த்துவிடக் கூடாது. சயின்ஸ் நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதுகிறேன். நைனா எட்டிப் பார்த்தால் படிக்கிறேன் என்று நினைத்துக்கொள்வார்.

மானாம்பதி ரோட்டில் குழந்தைகளுக்கு எடை பார்க்கும் சென்டரில், சனிக்கிழமைதோறும் நானும் கனகாவும் வேலை பார்க்கிறோம். வீடு வீடாகப் போய்க் குழந்தையைத் தராசில் தொங்கவிட்டு, எடையைக் கார்டில் எழுத வேண்டும். தேறின குழந்தைக்குப் பச்சைப் புள்ளி, மெலிந்த குழந்தைக்குச் சிவப்பு. சிவப்பு வைத்தால் அந்த வீட்டுக்குப் பால் பவுடர் போகும். பெரிய நர்ஸ் வில்மா மேடம், ஹாலந்துக்காரர். மெட்ராஸில் தமிழ் படித்தாராம். கிருஷ்ணசாமி சாரைக்கூட நீ என்றுதான் பேசுவார். சார்தான் எங்கள் சூபர்வைசர், தலை நரைத்தவர்.

கனகாவின் கார்டைத் தூக்கிப் பிடித்து, பத்துப் பேர் முன்னால், "இது தப்பு. மறுபடி செய்" என்றார் மேடம். நானாக இருந்தால் அங்கேயே செத்திருப்பேன். அவளோ, "இன்னா தப்பு, காட்டுங்க" என்கிறாள். பெரியவர்களை எதிர்த்துக் கேள்வி!

பத்தாவது முடிந்ததும் எங்களில் ஒருத்தியைச் செங்கல்பட்டுக்கு அனுப்பி, ஹாஸ்டலில் தங்கவைத்து நர்ஸ் வேலை படிக்க வைப்பார்கள். எனக்குக் கிடைக்காவிட்டால் வைகாசியில் கல்யாணம், அம்மாவின் தம்பி ராஜாராம் மாமாவோடு. நைனா பேசி முடித்துவிட்டார்.

15-1-82

மாட்டுப் பொங்கல். கனகா புதுத் தாவணியில் திருமுக்கூடல் திருவிழாவுக்குப் போனாள். அத்தனை பேர் முன்னால் திட்டு வாங்கின வெட்கமே இல்லை.

23-1-82

இன்றைக்கு எனக்கு விழுந்தது. வயசுக்கும் எடைக்கும் பொருந்தவில்லை, எப்படி எழுதினாய் என்று மேடம் கேட்டார். தலையைக் குனிந்துகொண்டு சரிங்க மேடம், சரிங்க மேடம் என்றேன். கண்ணீர் கார்டிலேயே சொட்டிவிட்டது. கிருஷ்ணசாமி சார் ஓடிவந்து மேடத்தைத் தனியாக அழைத்துப்போய் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். திரும்பி வந்த மேடம் சிரித்தபடி, "குட். நல்லா இருக்கு" என்று கார்டைக் கொடுத்துவிட்டார்.

சார் நல்லவர்.

6-2-82

எனக்குக் குட். கனகாவுக்கு ஏழு தப்பு.

20-2-82

எனக்கு மறுபடியும் குட். ஆனால் கார்டைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. கனகாவைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு மணி நேரம்! தராசு முள்ளை எப்படிப் பார்ப்பது, குழந்தை காலை உதைத்தால் என்ன செய்வது, எல்லாம் அவளுக்குத்தான். நடுவில் இரண்டு பேருக்கும் சிரிப்பு வேறு. திட்டு வாங்கறவகூட ஒக்காந்துகினு இன்னா சிரிப்பு? என்கிட்ட ஒரு நாளாச்சும் அப்படிச் சிரிச்சுதா அந்த அம்மா? வயிறு எரியுது.

செங்கல்பட்டு விஷயம் என்ன சார் என்று கிருஷ்ணசாமி சாரைக் கேட்டேன். "பாக்கலாம்மா" என்றார். சார் பாக்கலாம் என்றால் இல்லை என்று அர்த்தம். ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

27-2-82

பயம். யாரிடமும் சொல்ல முடியாது.

போன மாதம் ராணியம்மாள் வீட்டுக்குப் போனபோது காபி கொடுத்து, என் தலையைத் தடவி, "எம் புள்ள நல்லாதான கீறான்?" என்று கேட்டார்கள். முள் கீழேதான் நின்றது. அவர்கள் முகத்துக்கு நேரே எப்படிச் சிவப்பு வைப்பது? எடையை ஏற்றி எழுதிப் பச்சை வைத்துவிட்டேன். இன்றைக்கு அந்தத் தெருவுக்குக் கனகா போனாள். சிவப்பு வைத்துக் கொண்டுவந்தாள். மேடம் இரண்டு கார்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

என்னை ஒன்றும் சொல்லவில்லை. ஒரு வார்த்தைகூட. அவளைத்தான் திட்டுவாங்களா? நான் திட்டறதுக்குக்கூட லாயக்கில்லையா?

13-3-82

நானே போய், "என் தப்பை என்கிட்ட சொல்லுங்க மேடம்" என்றேன்.

"நீ அழுவாய் என்று சொன்னார்கள். அதனால் விட்டுவிட்டேன்" என்றார்.

"அழுதுகினே கேட்டுக்கிறேன்" என்றேன்.

என் கார்டுகள் மொத்தத்தையும் மேஜையில் பரப்பினார். ஒன்றரை மணி நேரம். அழுதேன், ஆனால் எழுந்து போகவில்லை. கடைசியில் ராணியம்மாள் வீட்டுக் கார்டு. "இது பொய். பச்சை பார்த்து இந்தக் குழந்தைக்கு ஒரு மாதம் பால் பவுடர் போகவில்லை. நீ காபி கொடுத்தவளுக்கு மரியாதை செய்தாய். குழந்தைக்குச் செய்யவில்லை."

பால் பவுடர் டின்னை நானே தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்து, எடையை மாற்றி எழுதினது நான்தான் என்று சொன்னேன். ராணியம்மாள் டின்னை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள். காபியும் இல்லை.

நான் திட்டு வாங்கும்போது கனகா வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். அவ மூஞ்சி ஏன் அப்படி வாடணும்?

8-5-82

செங்கல்பட்டுக்குக் கனகாவின் பெயரை அனுப்பிவிட்டார்கள். சொல்வதற்கு மேடமே வீட்டுக்கு வந்தார், சாரோடு. நைனா நாற்காலி போட்டு, கலர் சோடா வாங்கி வரச் சொன்னார். பொண்ணு தங்கமான பொண்ணுங்க, பாக்கலாங்க என்று சார் ஆரம்பித்தார். மேடம் குறுக்கே பேசினார்.

"இந்த வருஷம் இவள் இல்லை. வேலை சரியில்லை. இப்போதுதான் கற்றுக்கொள்கிறாள். நீ இவளுக்குக் கல்யாணம் செய்யாதே. அடுத்த வருஷம் இவளுக்கு இடம் கேட்கிறேன்."

நைனாவை நீ என்கிறார்! நான் கதவுக்குப் பின்னால் கண்ணை மூடிக்கொண்டேன்.

அவர்கள் போனதும் நைனா அம்மாவிடம் சொன்னார்: "நல்லா கீதுன்னு சொல்லி ஏமாத்திட்டுப் போவல. பொண்ணப் பெத்தவன் மூஞ்சிக்கு நேரா இல்லன்னு சொல்லுது. அப்படிப்பட்ட அம்மா, பொண்ணு கத்துக்கிதுன்னு சொன்னா கத்துக்கிதுதான். ஒன் தம்பிய ஒரு வருஷம் இருக்கச் சொல்லு."

12-6-82

கனகா பஸ் ஏறினாள். கையாட்டினேன். புதுப் பெட்டி, புதுச் செருப்பு.

3-7-82

கனகாவிடமிருந்து போஸ்ட் கார்டு. ஹாஸ்டலில் யாரும் அவளைத் திட்டுவதே இல்லையாம். எது செய்தாலும் வெரி குட் என்கிறார்களாம். பயமாக இருக்கிறதாம். இரண்டு தடவை படித்தேன். சந்தோஷப்படக் கூடாது. கொஞ்சம் பட்டேன்.

பிறகு பதில் எழுதினேன். 'நீ போனதில் எனக்கு வயிற்றெரிச்சல். இன்னும் தீரவில்லை. அங்கே சும்மா இருந்தால் குட் சொல்லியே உன்னை விட்டுவிடுவார்கள். நேராகப் போய் என்ன தப்பு என்று கேள். அழுகை வந்தால் அழு, எழுந்து போகாதே.'

தபால் பெட்டியில் போட்டதும் திரும்ப எடுத்துவிடலாமா என்று தோன்றியது. கையை உள்ளே விட்டுப் பார்த்தேன். எட்டவில்லை.