அம்மாவின் ஸ்கிரிப்டில் ஒரு வரி

ஜூலை 9, செவ்வாய்
காலையிலிருந்து மழை. அம்மாவுக்கும் ஸ்டெல்லா ஆன்ட்டிக்கும் வீட்டிலிருந்தே வேலை. ஆன்ட்டி கீழ் வீடு. இருவருக்கும் ஹைதராபாத் கச்சிபௌலியில் ஒரே ஆபீஸ். புது சாஃப்ட்வேரை சர்வர்களில் ஏற்றுவது ஆன்ட்டி வேலை. நாற்பத்தோரு படி, நீள நோட்டில், அவர் கையெழுத்தில். அத்தனையையும் தானாக ஓட்டும் ஸ்கிரிப்ட் எழுதுவது அம்மா வேலை. நான்கு மாதமாக, ஒவ்வொரு முறையும் கடைசியில் திரையில் சிவப்பு: தோல்வி.

ஆன்ட்டி டீ குடிக்க வந்தார். "ஏண்டி படிப்ஸ், உங்கம்மா மிஷின் என் சீட்டை எப்போ புடிக்கும்?"

"அது எங்கக்கா ஓடுது?" என்றாள் அம்மா.

"அவசரம் நக்கோ, வேணாம். என் பொண்ணு ஜெனி காலேஜ் முடிக்கட்டும்."

சிரித்தார்கள். அம்மா கொஞ்சம் தாமதமாக.

ஜூலை 11, வியாழன்
1. உயிரியல் படம் (வேர்).
2. நூலகப் புத்தகம்.
3. வெள்ளை சாக்ஸ்.

சனிக்கிழமை பரிசளிப்பு. கட்டுரைக்கு முதல் பரிசு எனக்கு. அம்மா வர முடியாது. ஸ்கிரிப்ட் ஏன் தோற்கிறது என்று சனிதோறும் மேனேஜருக்கு விளக்க வேண்டும்.

சாயங்காலம் மறுபடி மழை. அம்மா துணி எடுக்க மாடிக்கு ஓடினாள். லேப்டாப் திறந்தபடி. ஸ்கிரிப்டின் கடைசி வரி: எக்ஸிட் 1. நூலகப் புத்தகத்தில் படித்தது. 'தோற்றேன்' என்று சொல்லி நிறுத்தும் கட்டளை. மேலே எல்லாம் சரியாக ஓடினாலும் தோற்கும். பாவம் அம்மா, கவனிக்கவே இல்லை! அழித்தேன். அம்மா செய்வது போலவே சர்வருக்கு அனுப்பினேன்.

பச்சை. நாற்பத்தொன்றும்.

அம்மா ஈரத்துணியோடு நின்றாள். திட்டவில்லை. "ஆபீஸ்ல எல்லாருக்கும் மெயில் தானாப் போயிருக்கும்" என்றாள்.

ஜூலை 13, சனி
அம்மா வந்தாள். முதல் வரிசை. கை தட்டினாள்.

திரும்பும்போது ஆட்டோவில்: "ஸ்கிரிப்ட் மார்ச்லயே முடிஞ்சிடுச்சு. அந்த வரி நான் வேணும்னே வச்சது. ஸ்டெல்லாக்காவுக்குக்கூடத் தெரியாது. யார்கிட்டயும் சொல்லாதே."

பரிசுக் கோப்பை மடியில் கனத்தது.

ஜூலை 15, திங்கள்
அடுத்த மாதத்திலிருந்து ஆன்ட்டிக்கு வேலை இல்லை. ஸ்கிரிப்டைக் கடைசியாக மாற்றியவர் என்று கணினியில் அம்மாவின் பெயர்.

நான்தான் என்று சொன்னால், அந்த வரி ஏன் இருந்தது என்று கேட்பார்கள். அம்மா வேலையும் போகும். சொல்லாவிட்டால், அம்மாதான் ஆன்ட்டியைக் கவிழ்த்தாள் என்றாகும். கணக்கு வகுப்பு முழுக்க யோசித்தேன். மூன்றாவது வழி இல்லை.

ஜூலை 16, செவ்வாய்
வெயில். சாக்ஸ் காய்ந்தது.

ஆன்ட்டி வாசலோடு நின்றார். "கீதா, முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? கைக்கு, ஏன் மறைச்சே?"

"தப்பு என்மேலதான்க்கா."

அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை.

ஆன்ட்டி அந்த நீள நோட்டை என்னிடம் நீட்டினார். "பின்னாடி பாதி காலிதான். ரஃப் நோட்டா வச்சுக்கோ. ப்ரைஸ் வாங்கினியாமே? சந்தோஷம்டி."

"தேங்க்ஸ் ஆன்ட்டி" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.