எருமைக்குப் போன கேசட்

செல்வி அப்பாவுக்கு,

சோறு வடித்து மூடி வைத்திருக்கிறேன். கருவாட்டுக் குழம்பு அடுப்பு மேலேயே இருக்கிறது. கோபத்தோடாவது சாப்பிடுங்கள்.

பட்டணத்தில் மனசு வைத்தியம் படித்துவிட்டு வந்து நீங்கள் போர்டு மாட்டியும், உத்திரமேரூரில் யாரும் வந்து மனசு விட்டுப் பேசவில்லை. மேல்வருமானத்துக்காக, தூக்கம் வருவதற்கென்று நீங்கள் பேசிப் பதிவு செய்த கேசட்டுகளும் அலமாரியில்தான் கிடந்தன. அதில் ஒன்றைத் தாண்டவராயன் அண்ணனுக்கு நான் விற்றது உண்மை. எருமைக்கென்று அவர் சொல்லவே இல்லை. கன்று செத்ததிலிருந்து கிட்டே போனாலே உதைத்த எருமை, "கண்ணை மூடு, நான் பக்கத்திலேயே இருக்கேன்" என்ற உங்கள் குரலைக் கேட்டதும் அடங்கி நின்று பால் கொடுத்ததாம். "டாக்டரு கொரல்ல இன்னாமோ கீது" என்று அவர் ஊரெல்லாம் சொல்லிவிட்டார்.

"நான் மனுஷங்களுக்குப் படிச்சவன்டி!" என்று நேற்று கத்தினீர்கள். சரி. ஆனால் இன்றைக்குச் சாயங்காலம் எருமைக்காரர்கள் வருவார்கள். விரட்டாதீர்கள், உட்காரவைத்துப் பேசுங்கள். வருகிறவர்களுக்கும் ஏதாவது மனக்கஷ்டம் இருக்கும்.

வெற்றுக் கேசட் வாங்கக் காஞ்சிபுரம் போகிறேன். செல்வியைப் பள்ளிக்கூடத்திலிருந்து அழைத்து வந்துவிடுங்கள்.

தேவகி

பி.கு: காலையில் நீங்கள் குளிக்கப் போனபோது அலமாரியில் மிச்சமிருந்ததில் அதே பேச்சுள்ள ஒரு கேசட்டை நானும் போட்டுக் கேட்டேன். கல்யாணமான நாளிலிருந்து என்னிடம் நீங்கள் அப்படிப் பேசியதில்லை. வாங்கி வருவதில் ஒன்றை யாருக்கும் விற்க மாட்டேன். அதில் என் பேரைச் சொல்லிப் பேசுங்கள்.